உயிர் காக்கும் சிறகுகள்

ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவை ‘ஆயிரம் குன்றுகளின் நாடு’ என்பர். அங்கே பிரசவத்தில் உதிரம் பெருகித் தவிக்கும் தாய்க்கு, மலைப்பாதைகளைச் சுற்றி இரத்தம் வருமுன் உயிர் பிரிந்துவிடலாம். இக்குறையைப் போக்க, அமெரிக்காவின் ஜிப்லைன் நிறுவனம் ருவாண்டா அரசுடன் ஒப்பந்தம் செய்து, 2016 அக்டோபரில் ஆளில்லாச் சிறு விமானங்களைப் பறக்கவிட்டது.

விசிறிகளால் மட்டுமே மிதக்கும் ஊர்தி, தன் எடையைத் தாங்கவே மின்கலத்தின் ஆற்றலைச் செலவிடும். இதற்கோ நிலையான இறக்கைகள் உண்டு. இறக்கை தாங்க, விசிறி முன்னே தள்ளினால் போதும். ஆகவே சுமார் 80 கிலோமீட்டர் சென்று திரும்புகிறது. ஓடுபாதையும் வேண்டாம், கவண் போன்ற பொறி ஏவிவிடும். மருத்துவமனையருகே இரத்தப்பை பாராசூட்டில் இறங்கும்.

நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல் எங்கோ ஒரு தாயைப் பிள்ளைக்கு மீட்டுத் தருகிறதென்றால், அதைச் சலிப்பின்றிக் கற்போமாக!