"இன்னொரு தரம், அம்மா!"

இரவு மணி ஒன்பது. சமையலறையை அலம்பி விட்டாயிற்று. பாலுக்கு உறை ஊற்றியாயிற்று. உங்களுக்குக் கண்கள் தாமாகவே சொருகுகின்றன. பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டரை வயதுக் குழந்தைக்கோ பொட்டுத் தூக்கம் இல்லை. "காக்கா கதை சொல்லு" என்கிறது. நேற்றும் அதே கதை. முந்தாநாளும் அதே கதை!

சீக்கிரம் முடித்து விடலாம் என்று, பாட்டி அடுப்பு மூட்டியதையும் எண்ணெய் காய்ந்ததையும் விட்டு விட்டு, காக்கை வடையைத் தூக்கிக் கொண்டு போனதிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். "எண்ணெய் எங்கே?" என்று குழந்தை எழுந்து உட்கார்ந்து விடும். ஆபீஸுக்கு வரும் ஆடிட்டர் கூட இவ்வளவு கறாராக இருக்க மாட்டார்!

இதைப் பிடிவாதம் என்று எண்ணி விடாதீர்கள். அடுத்தது என்ன என்று தெரிந்திருப்பதில்தான் குழந்தைக்கு ஆனந்தம். பெரியவர்கள் வைத்ததே சட்டமாக இருக்கிற வீட்டில், அது நினைத்தபடியே தவறாமல் நடக்கிற விஷயம் இந்த ஒரு கதைதான் அல்லவா?

இதில் லாபமும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெஸிகா ஹார்ஸ்ட் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் 2011-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் சிலருக்கு அதே கதைகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகள். புதிய சொற்கள் இரு சாராரின் காதிலும் ஒரே அளவுதான் விழுந்தன. ஆயினும், அதே கதையைக் கேட்டவர்களே அவற்றை அதிகமாகக் கற்றுக் கொண்டார்கள். முதல் தடவை, நடப்பது என்ன என்று புரிந்து கொள்ளவே குழந்தைக்குப் பொழுது சரியாக இருக்கும். வார்த்தையைக் கவனிக்க அப்புறம்தானே ஒழியும்?

அதற்காக மூச்சு விடாமல் ஒப்பித்துக் கொண்டே போகாதீர்கள். 1988-ல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற மனோதத்துவ நிபுணரும் அவர் குழுவினரும் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோரை இரண்டு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் வீட்டில் படப் புத்தகம் வாசித்தவர்களே. ஒரு பிரிவினருக்கு மட்டும், குழந்தையைப் பேச விடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் முந்தி விட்டன. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்த போதும் அந்த வித்தியாசம், சற்றுக் குறைந்திருந்தாலும், மறைந்து விடவில்லை.

வித்தை பெரிதல்ல. "இது காக்காதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு பேச்சு நின்று விடும். "காக்கா என்ன செய்கிறது?" என்று கேட்டு விட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம்! "வடை எடுத்து..." என்று ஏதோ மழலையில் வரும். "ஆமாம், பாட்டியின் வடையைக் காக்கா அலகால் கொத்தி எடுத்துக் கொண்டது" என்று நீங்கள் வளர்த்துச் சொல்லுங்கள். செல்போனில் கதையை ஓட விட்டுக் கையில் கொடுத்து விடலாம்தான். ஆனால், "எண்ணெய் எங்கே?" என்று குழந்தை கேட்கும்போது அது நின்று பதில் சொல்லாதே!

புத்தகம் வாங்குவதானால் கெட்டி அட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கதை முடிவதற்குள் பாதி வாயில் இருக்கும். சென்னையில் 1996-ல் தொடங்கிய துலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்களை வெளியிட்டிருக்கிறது.

உடம்பு அசந்த நாளில் கதையை வெட்டாதீர்கள், மாட்டிக் கொள்வீர்கள். "இன்று இரண்டே தரம்" என்று முதலிலேயே பேசி வைத்துக் கொள்ளுங்கள். பழகிய இடங்களில் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துங்கள். மீதியைக் குழந்தை முடிக்கும், உங்கள் தொண்டைக்கும் ஓய்வு.

வீட்டுக்காரரையும் சும்மா விடாதீர்கள்! நரியின் குரல் பெரும்பாலும் அவருக்குத்தான் பொருத்தமாக இருக்கும். கதையை அவர் தப்பும் தவறுமாகச் சொன்னால் கவலை வேண்டாம். திருத்துவதற்கு ஆள் பக்கத்திலேயே படுத்திருக்கிறது.