கரிசல் காட்டு ரயில் பாதையும் நம் மாணாக்கரும்

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் ரயில் சாத்தூரைத் தாண்டியதும், பயணிகளில் பாதிப்பேர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "வெறும் கரிசல் காடு, இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். கறுத்த மண், உடைமரம், பருத்திச் செடி, தூரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அவர்கள் கண்ணில் படுவது அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே அப்படித்தான் நினைக்கிறார்கள். கழுகுமலையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், முருகன் கோயில் என்பதோடு நிறுத்திக்கொள்ளும் கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர்! ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா அழைத்துப் போகும் நாம், இருபது கிலோமீட்டர் தூரத்திலுள்ள கழுகுமலைக்கு அவர்களை அழைத்துப் போனோமா?

ஆகவே நாம் சொல்கிறோம்: கோவில்பட்டி வட்டாரத்துப் பள்ளி, கல்லூரி மாணாக்கர்கள், தங்கள் ஊர் வழியே ஓடும் ரயில் பாதையையே ஓராண்டுப் பாடமாக எடுத்துக்கொள்ளட்டும். விருதுநகரில் ஏறி, சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி என்று வண்டி நிற்குமிடமெல்லாம் இறங்கட்டும். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நடந்தோ பஸ்ஸிலோ போய், அங்குள்ள சிற்பம், பாட்டு, கதை, கைத்தொழில், போராட்டம் அனைத்தையும் கேட்டு எழுதி வரட்டும்.

கலைச் செல்வத்தோடு போராட்டத்தை ஏன் சேர்க்கிறோம் என்று சிலர் கேட்கலாம். அந்தப் பாதை வந்த கதையே அதற்குப் பதில். 1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. நம் பாட்டன்மார் சௌகரியமாகப் பயணம் செய்யவேண்டுமே என்ற கருணையினாலா வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டான்? கரிசலில் விளைந்த பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்துக்கும், அங்கிருந்து சீமைக்கும் போகவேண்டும், அதற்காகப் போட்டான். அதே 1876-ல்தான் தாது வருஷப் பஞ்சமும் பிடித்தது. பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குத் தூத்துக்குடியில் கப்பலேறியவர்கள் ஏராளம். மூட்டையும் முடிச்சுமாக அவர்கள் உட்கார்ந்திருந்த பிளாட்பாரங்கள், எந்தக் கோயில் மண்டபத்துக்கும் குறையாத சரித்திரச் சின்னங்கள்தாம்.

மணியாச்சி ஸ்டேஷனில் 1911 ஜூன் 17 அன்று, ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டான். ஸ்டேஷனுக்கே இன்று அவன் பெயர். அதற்குக் கிழக்கே ஒட்டப்பிடாரம், 1872-ல் வ. உ. சிதம்பரனார் பிறந்த ஊர். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றவர் அவர். அவர்கள் கேட்டுப் பெற்றது கூலி உயர்வு மட்டுமன்று. வாரத்தில் ஒருநாள் ஓய்வும்கூட. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சந்தோஷமாக ரயிலேறும் மாணவனுக்கு இதை யாராவது சொல்லவேண்டாமா?

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம். பாரதியார் 1882-ல் பிறந்த வீட்டைப் பார்ப்பவர்கள், அவருடைய தந்தை சின்னச்சாமி ஐயர் அவ்வூரில் பஞ்சாலைத் தொழிலில் இறங்கி நொடித்துப்போனதையும் கேட்டறியவேண்டும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அவ்வூரில்தான். 1835-ல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் அங்கேதான். ஒரு நாள் போதாது, இரண்டு நாள் தங்குங்கள்.

மேற்கே கழுகுமலை. அங்கே வெட்டுவான் கோயில் என்று ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தார்கள். அடிப்பகுதியை முடிக்காமலே விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று தலைக்கு ஒரு கதை சொல்வார்கள்; எல்லாக் கதையையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே மலையில் சமணத் திருவுருவங்கள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கரும் அதில் வருகிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் ஆசிரியராக இருந்த பூமி, தோழர்களே, இந்த வறண்ட பூமி!

இடைசெவல் என்ற சிறிய கிராமம் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்தது. இருவருமே 1923-ல் பிறந்தவர்கள். இருவருமே சாகித்ய அகாதெமி பரிசு பெற்றவர்கள். அழகிரிசாமி 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்றே ஒரு சிறுகதை எழுதினார். கோவில்பட்டிக்கு அடுத்த ஸ்டேஷன் அது. காட்டுக்குள் கிடக்கும் இந்த ஸ்டேஷனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்கத் தோன்றும். அங்கிருந்துதான் கிராமத்துப் பையன்கள் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர ரயிலேறுகிறார்கள்.

அதே வட்டாரத்தில், 1970-களிலும் 80-களிலும், விடியுமுன்பே கிராமங்களுக்கு வேறு வண்டிகள் வந்தன. தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள். தூக்கக் கலக்கத்தோடு சிறுவர் சிறுமியர் அதில் ஏற்றப்பட்டார்கள். சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், இருட்டிய பிறகு திரும்பினார்கள். அந்தச் சிறுமிகளுக்கு இன்று ஐம்பது வயதுக்கு மேல். அவர்கள் பாடிக்கொண்டே வேலை செய்தார்களா, என்ன பாடினார்கள், யாரைத் திட்டினார்கள், பள்ளிக்கூட மணி கேட்டபோது என்ன நினைத்தார்கள் என்று எந்த மாணவனாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறானா? சுற்றுலாத்துறையின் கைப்புத்தகத்தில் இது வராது. வரவேண்டும் என்பதுதான் நம் வாதம்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயப்பட வேண்டியதில்லை. பேராசிரியர் நா. வானமாமலை 1964-ல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' எப்படி உருவாயிற்று? எஸ். எஸ். போத்தையா என்ற கரிசல் நாட்டுப் பள்ளி ஆசிரியரைப் போன்றவர்கள் களத்துமேட்டிலும் கமலைக் கிணற்றடியிலும் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். கி. ரா. 1982-ல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே வெளியிட்டார். கல்லூரி வாசலை மிதிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பின்னர் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. டேப் ரிக்கார்டர் கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில் இவ்வளவு நடந்தது. இன்று ஒவ்வொரு மாணவன் சட்டைப்பையிலும் ஒரு ஒலிப்பதிவுக் கருவி கிடக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வோம். பிரைவேட் பஸ் பிடித்துப் போகாதீர்கள். டிக்கெட் வாங்கிப் பாசஞ்சர் வண்டியில் போங்கள். ஏறுவார் இறங்குவார் இல்லை என்று கணக்குக் காட்டித்தான் சிறிய ஸ்டேஷன்களின் கழுத்தில் கத்தி வைப்பார்கள். இங்கிலாந்தில் 1963-ல் பீச்சிங் என்பவர் அப்படித்தான் கணக்குப் போட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னார். நம் நாட்டில் 2020-ல் கொரோனாவுக்காக நிறுத்திய பாசஞ்சர் வண்டிகள் திரும்ப ஓடியபோது, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாகியிருந்தது. கூலிக்காரன் வயிற்றிலடித்த அந்தக் கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியது.

2020-ல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கும் மகிழ்ச்சிதான். உள்ளூர்ப் பொருள்களை ஸ்டேஷனில் விற்க 2022-ல் ரயில்வே ஒரு திட்டமும் கொண்டுவந்தது. மிட்டாய்க்கு இடம் கொடுப்பவர்கள், மாணவர்கள் சேகரித்து வருவதைத் தமிழில் எழுதி மாட்ட ஒரு சுவரும் கொடுக்கட்டும்.

தோழர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊரிலுள்ள பழைய பஞ்சாலைத் தொழிலாளர்கள், தீப்பெட்டித் தொழிலாளர்கள், ரயில்வே கேங்மேன்கள், வில்லுப்பாட்டுக்காரர்கள், ஒப்பாரி பாடும் தாய்மார்கள் ஆகியோரின் பெயரை இப்போதே ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மாணவர்கள் வந்து இறங்கியதும், எழுபது வயது தாண்டியவர்களிடம் முதலில் கூட்டிப் போங்கள்.