விற்ற பட்டியலே சான்றுப் பத்திரம் ஆனது!

ஜார்ஜ்டவுன் என்றதும் நம்ம பினாங்கு என்று நினைத்துவிடாதீர்கள். இது அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், பொட்டோமாக் ஆற்றங்கரை மேட்டில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். 1789-ஆம் ஆண்டு ஜான் கரோல் என்ற பாதிரியார் தொடங்கியது. இயேசு சபையார் மரபில் நடக்கும் தனியார் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் கத்தோலிக்கர் நிறுவிய உயர்கல்விக் கூடங்களில் இதுவே மூத்தது.

அமைச்சர் மகனும் கோடீசுவரர் மகளும் படிக்கிற இடத்தைப் பற்றித் தோட்டத் தொழிலாளர் பகுதியில் என்ன பேச்சு என்று கேட்பீர்கள். பேச்சு இருக்கிறது, தோழர்களே. அந்தக் கட்டடங்களின் அஸ்திவாரத்தில் தோட்டத்து ஜனங்களின் வேர்வை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடனுக்கு விற்ற ஜனம்

மேரிலாந்து மாநிலத்தில் இயேசு சபையாருக்குப் பெரிய பெரிய தோட்டங்கள் இருந்தன. புகையிலை, கோதுமை, சோளம் விளைந்தன. பாடுபட்டவர்கள் கறுப்பின அடிமைகள். அவர்களுக்கு ஞானஸ்நானம் உண்டு, பூசை உண்டு. விடுதலை மட்டும் கிடையாது. தோட்டத்து வருமானம் கல்லூரியைத் தாங்கியது.

காலப்போக்கில் தோட்டமும் நொடித்தது, கல்லூரியும் கடனில் மூழ்கியது. 1838-ல் சபையின் மாநிலத் தலைவர் தாமஸ் மலிடி ஒரு முடிவுக்கு வந்தார். ஆண், பெண், கிழடு, கைக்குழந்தை என்று 272 பேரை 1,15,000 டாலருக்கு விலை பேசிவிட்டார். வாங்கியவர்கள் லூசியானா மாநிலத்தில் கரும்பும் பருத்தியும் போட்ட தோட்ட முதலாளிகள். வந்த பணத்தில் 17,000 டாலர் கல்லூரிக் கடனை அடைக்கப் போனது.

ரோமாபுரியிலிருந்த சபைத் தலைமை விற்பனைக்கு அனுமதி கொடுத்தபோது மூன்று நிபந்தனை போட்டது. குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. அவர்களுடைய சமய வாழ்வுக்குத் தடை இருக்கக் கூடாது. பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. மூன்றுமே காற்றில் பறந்தன. புருசன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். ‘கேத்தரின் ஜாக்சன்’ என்ற கப்பல் நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

விற்ற மலிடியின் பெயர் ஒரு கட்டடத்திற்கு வைக்கப்பட்டது. விற்கப்பட்டவர்களின் பெயரோ பெட்டிக்குள் கிடந்த காகிதத்தில் மட்டுமே இருந்தது.

பெயர் மாறிய கட்டடம்

2015 நவம்பரில் மாணவர்களே கிளம்பினார்கள். தலைவரின் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். “அந்தப் பேரை எடு” என்றார்கள். பெயர் போனது. 2017 ஏப்ரலில் அந்தக் கட்டடத்திற்கு ஐசக் ஹாக்கின்ஸ் மண்டபம் என்று பெயர் சூட்டினார்கள். யார் அவர்? விற்பனைப் பத்திரத்தில் முதல் பெயர் அவருடையது. அப்போது அவருக்கு வயது 65. அதே நாளில் இயேசு சபையின் சார்பிலும் பல்கலைக்கழகத்தின் சார்பிலும் வந்திருந்த வாரிசுகள் முன்னால் மன்னிப்புக் கேட்டார்கள்.

அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில், இன்னொரு அறிவிப்பு வந்திருந்தது. பழைய மாணவர்களின் பிள்ளைகள் விண்ணப்பித்தால் ஜார்ஜ்டவுனில் தனிக் கவனம் கிடைத்து வந்தது. அதே கவனம் இனி அந்த அடிமைகளின் வாரிசுகளுக்கும் உண்டு என்றார்கள். அதாவது, அவர்களும் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

வாரிசு என்று எப்படிக் காட்டுவது? இங்கேதான் விசயம் இருக்கிறது. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, கப்பலில் ஏற்றிய ஆட்களின் பட்டியல், 1838-ன் விற்பனைப் பட்டியல், இவற்றை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான வாரிசுகளைத் தேடிப் பிடித்தார்கள். எந்தக் காகிதம் பாட்டனைச் சரக்காக எழுதியதோ, அதே காகிதம் பேரப்பிள்ளைக்குச் சான்றுப் பத்திரமாக வந்து நின்றது.

மெலிசாண்ட் ஷார்ட்-கொலம்ப் என்ற அம்மையார் அந்த வழியில் வந்தவர். சமையல் கலைஞராக உழைத்தவர். விண்ணப்பம் போட்டு 2017-ல் மாணவியாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 63! பேரப்பிள்ளை வயசுப் பிள்ளைகளோடு விடுதியில் தங்கிப் படித்தார். படிக்க வயசு ஏது?

விண்ணப்பமும் கட்டணமும்

இந்தப் பல்கலைக்கழகத்தில் பொதுத் தேர்வு மதிப்பெண் மட்டும் பார்த்து இடம் கொடுப்பதில்லை. பள்ளி மதிப்பெண், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. தேர்வு, ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம், பிள்ளை தன் கைப்பட எழுதும் கட்டுரைகள் எல்லாம் கேட்பார்கள். ஊருக்கு ஊர் இருக்கும் பழைய மாணவர்களைக் கொண்டு நேர்முகம் பார்ப்பதும் அங்கே நெடுநாள் வழக்கம். ஆளை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது இயேசு சபையார் கல்விக் கொள்கை.

“சாமி கும்பிடுகிற பிள்ளையைச் சேர்ப்பாங்களா?” என்று சந்தேகம் வேண்டாம். எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்திருக்கும் என்று தொடங்கும்போதே சொன்னவர் ஜான் கரோல். இந்து மாணவர்களுக்கென்று 2016-ல் ஓர் இந்து சமயக் குருவையே நியமித்தார்கள்.

சம்பளம்தான் மலைக்க வைக்கும். படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 65,000 அமெரிக்க டாலருக்கு மேல். வசதி குறைந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் தேவையைப் பார்த்து உதவி உண்டு; வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது குறைவு. வாரிசுகளுக்குத் தந்த தனிக் கவனமும் இடத்துக்குத்தான், பணத்துக்கு அல்ல. “கதவைத் திறந்துவிட்டு, படியேற முடியாதபடி கட்டணம் வைத்தால் என்ன நியாயம்?” என்று கேட்டவர்கள் உண்டு.

மாணவர்களே அதற்கும் வழி சொன்னார்கள். 2019 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடத்தி, வாரிசுகளின் நலனுக்காக ஆளுக்கு ஒரு பருவத்திற்கு 27 டாலர் 20 காசு கொடுக்கத் தயார் என்றார்கள். 272 பேரை நினைவுபடுத்தும் தொகை அது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். நிர்வாகம் அதைக் கட்டணமாக ஏற்கவில்லை. ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் அளவில் தனி நிதி ஒன்றை வைத்தது. 2021-ல் அமெரிக்க இயேசு சபையார் 10 கோடி டாலர் திரட்டுவதாக வாக்குக் கொடுத்தார்கள்.

நேரில் போனால்

முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டால், மாணவர்களே வழிகாட்டியாக வந்து வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். காசு கிடையாது. முன் வாசலில் ஜான் கரோல் சிலையாக உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் கோபுரத்தோடு நிமிர்ந்து நிற்பது ஹீலி மண்டபம். 1874-ல் தலைவரான பாட்ரிக் ஹீலி பாதிரியார் கட்டியது. அவர் ஜார்ஜியா மாநிலத்துத் தோட்டமொன்றில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். சட்டப்படி பிறவி அடிமை! பள்ளிக்கூடம் போனதால் பல்கலைக்கழகத்திற்கே தலைவரானார். அந்த மண்டபத்தின் பின்புறம் போய் ஐசக் ஹாக்கின்ஸ் பெயரையும் படித்துவிட்டு வர வேண்டும். படம் பிடிக்கிறவர்கள் முன்புறத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

நமக்கு என்ன?

அவர்கள் அடிமைகள், நம் முன்னோர் ஒப்பந்தக் கூலியாகவும் கங்காணி ஆளாகவும் வந்தவர்கள். இரண்டும் ஒன்றென்று சொல்லக் கூடாது. ஆனால் ஒரு பாடம் இரண்டு பேருக்கும் பொது. காகிதம் பேசும்.

தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறியபோது எத்தனை வீட்டில் பழைய பெட்டியைக் குப்பையில் போட்டோம்? தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, பாட்டியின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, தோட்டப் பள்ளிக்கூடத்து நற்சான்று, இவற்றில் எது மிஞ்சியிருந்தாலும் நெகிழிப் பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பிறந்த ஊர், தோட்டம், வந்த வருசம் எல்லாவற்றையும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

நாளைக்கு உங்க புள்ள ஒரு விண்ணப்பப் பாரத்தில் “நான் யார்” என்று எழுத உட்காரும்போது, அந்தக் காகிதம்தான் முதல் வரி கொடுக்கும். அப்போது அவன் தலை குனிந்து எழுத வேண்டாம். இந்த நாட்டின் ரப்பரையும் செம்பனையையும் வளர்த்தவர்களின் வாரிசு என்று நிமிர்ந்து எழுதட்டும்!