புது மெஷின், பழைய காது

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "கேரட் ஏடி புரோவிலிருந்து மைன்லேப் ஈக்வினாக்ஸுக்கு மாறினேன், ஒண்ணும் புரியல." புரியாதுதான்! அதுல எண் 0 முதல் 99. இதுல மைனஸ் 9 முதல் 40. பழைய எண்ணை மனசுல வச்சுக்கிட்டுத் தோண்டினா எல்லாமே தப்பாப் போகும்.

நெட்டுக்குப்பம் ஈரமணல்ல ஒற்றை அலைவரிசை மெஷின் உப்புக்கே கத்தும். உப்புத்தண்ணி மின்சாரம் கடத்துமில்லையா? ஈக்வினாக்ஸ் ஒரே நேரத்துல பல அலைவரிசை அனுப்பி அதைக் கழிச்சுப் பார்க்கும். அதை நம்பித்தான், அலையில தாலிக்குண்டு ரெண்டைத் தொலைச்ச ஒரு அக்காவுக்காகப் போனேன். சிகரெட் தாள் தொல்லை வேண்டாம்னு சின்ன எண்களை அடைச்சுட்டேன். கிடைக்கல. தப்பு என்னோடது, மெல்லிய தங்கமும் அதே எண்ணுலதான் விழும்.

அன்னிக்கு ராத்திரி மேனுவலைப் படிச்சேன். காலையில வீட்டு மோதிரத்தை நூல்ல கட்டி ஈரமணல்ல புதைச்சேன். நாய்ஸ் கேன்சல் பண்ணி, எதையும் அடைக்காம, திரையைப் பார்க்காம, சத்தத்தை மட்டும் ஒரு மணி நேரம் கேட்டேன். (நம்ம ஒரு ரூபாய் ஸ்டீல் காசு காந்தத்துல ஒட்டும், எண் ஒரு இடத்துல நிக்காது. அதையும் பழகிக்கணும்.)

அப்புறம் ஒரு குண்டு கிடைச்சது. இன்னொண்ணைத் தேட ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன்.