சர்வர் அறையின் கதை – 12: மரண வாக்குமூலத்தை எழுதுவது யார்?

விழுந்துபோன ஒரு டேட்டாபேஸ், லாகைத் திரும்பப் படித்து எப்படி எழுந்து உட்காருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு முந்தைய சில நொடிகள். ஒரு சர்வர் தனக்கு ஒதுக்கப்படாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டால் பிராசஸர் மறுத்துவிடும். லினக்ஸ் கெர்னல் அந்த புரோகிராமுக்கு 11-ஆம் எண் சிக்னலை அனுப்பும். வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் புரோகிராம் அங்கேயே முடிந்தது. ஆனால் பல சர்வர்கள், ‘கொல்வதற்கு முன் என் ஃபங்ஷன் ஒன்றை ஓடவிடு’ என்று கெர்னலிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கும். அந்த ஃபங்ஷனுக்குத்தான் கிராஷ் ஹேண்ட்லர் என்று பெயர். மைஎஸ்க்யூஎல் விழும்போது அதன் எரர் லாகில் என்ன சிக்னல் வந்தது, எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அது எதை அழைத்தது என்ற வரிசை (ஸ்டாக் ட்ரேஸ்), அப்போது ஓடிக்கொண்டிருந்த எஸ்க்யூஎல் வாக்கியம் ஆகியவை வந்து விழும். அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஓர் எச்சரிக்கையும் இருக்கும்: சில பாயின்டர்கள் கெட்டுப்போயிருக்கலாம், அதனால் இந்த அறிக்கையே பாதியில் நின்றுவிடலாம் என்று. மென்பொருள் இவ்வளவு நேர்மையாகப் பேசுவது அபூர்வம்.

நம் நீதிமன்றங்கள் மரண வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கின்றன. ஆனால் வழக்கத்தில் அதை எழுதிக்கொள்வது மாஜிஸ்திரேட். சொல்பவர் தெளிவான நினைவோடு இருக்கிறார் என்று சான்று தருவது டாக்டர். டேட்டாபேஸ் உலகத்தில் பல காலமாகச் சாகிறவரே பேனாவைப் பிடித்து எழுதும்படி விட்டிருக்கிறோம். சாகும் புரோகிராம் செய்ய வேண்டிய வேலையை இயன்ற மட்டும் குறைத்துவிட்டு, மீதியை உயிரோடு இருக்கும் வேறொரு புரோகிராமிடம் கொடுப்பதே சரி என்பது என் கட்சி.

காரணம், சிக்னல் வரும் நேரம். அது எந்த வரியின் நடுவிலும் வரலாம். சர்வருக்குள் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ‘மாலக்’ என்ற ஃபங்ஷன், தன் கணக்குப் புத்தகத்தைத் திருத்தும்போது ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளும். நினைவகம் எங்கோ சிதைந்திருந்தால், அது வெளிப்படுகிற இடமும் பெரும்பாலும் இந்த மாலக்தான். அங்கே பூட்டோடு விழுந்த த்ரெட், ஹேண்ட்லருக்குள் நுழைந்து ‘பிரின்ட்எஃப்’ மூலம் ஒரு வரி எழுதப் பார்க்கிறது என்று வையுங்கள். பிரின்ட்எஃப் மாலக்கை அழைக்க நேர்ந்தால், மாலக் பூட்டுக்காகக் காத்திருக்கும். பூட்டை வைத்திருப்பதோ அதே த்ரெட். இனி அது நகராது. அதனால்தான் போசிக்ஸ் தரநிலை, சிக்னல் ஹேண்ட்லருக்குள் அழைக்கத்தக்க ஃபங்ஷன்களை ஒரு பட்டியலாகவே கொடுத்திருக்கிறது. ‘ரைட்’ அதில் உண்டு; பிரின்ட்எஃபும் மாலக்கும் கிடையாது. மைஎஸ்க்யூஎல் தன் ஹேண்ட்லருக்கென்று மாலக்கைத் தொடாத குட்டி பிரின்ட்எஃப் ஒன்றைத் தனியாக எழுதிவைத்திருப்பது இதனால்தான். ஸ்டாக்கைப் படித்துத் தரும் ‘பேக்ட்ரேஸ்’ ஃபங்ஷனின் கதை இன்னும் வேடிக்கை. அது நேரடியாக மாலக்கை அழைப்பதில்லை. ஆனால் முதல் தடவை அழைக்கும்போது வேறொரு லைப்ரரியை ஏற்றுகிறது, அந்த ஏற்றம் மாலக்கை அழைத்துவிடுகிறது. இதை அதன் கையேடே சொல்கிறது. ஆகவே சர்வர் தொடங்கும்போதே, நல்ல ஆரோக்கியத்தில் இருக்கையில், அதை ஒருமுறை சும்மா அழைத்து வைத்துவிட வேண்டும். ஸ்டாக் நிரம்பி வழிந்து விழுந்தாலோ ஹேண்ட்லர் கால் ஊன்றவே இடமிருக்காது. அதற்கு மாற்று ஸ்டாக் ஒன்றை முன்பே ஒதுக்க வேண்டும்.

‘எப்படியும் சாகப்போகிறது, ஹேண்ட்லர் சிக்கினால் என்ன குடி முழுகிவிடும்?’ என்று கேட்கலாம். முழுகும். சர்வர் செத்தால் சிஸ்டம்-டி போன்ற காவல்காரன் கண்டுபிடித்து உடனே மறுபடி கிளப்பிவிடுவான். சாகாமல் சிக்கி நிற்கும் சர்வர் அவன் கண்ணுக்கு உயிரோடு இருப்பதுதான். போர்ட் திறந்திருக்கும், ஃபைல்கள் பிடியில் இருக்கும், பதில் மட்டும் வராது. இதைவிட மோசம், ஹேண்ட்லர் நிதானமாக எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதே சர்வரின் மற்ற த்ரெட்கள் ஓடிக்கொண்டேயிருப்பது. சிதைந்த நினைவகத்திலிருந்து அவை டிஸ்க்கில் எதை எழுதும் என்பதற்கு யார் பொறுப்பு?

பாதுகாப்பு என்ற கோணமும் இருக்கிறது. அதற்குச் சிறந்த சாட்சி டேட்டாபேஸ் அல்ல, ஓப்பன்எஸ்எஸ்ஹெச். குறித்த நேரத்துக்குள் லாகின் செய்யாதவரை வெளியேற்றும் அதன் சிக்னல் ஹேண்ட்லர், ‘சிஸ்லாக்’ ஃபங்ஷனை அழைத்து ஒரு குறிப்பு எழுதியது. சிஸ்லாக் அந்தப் பட்டியலில் இல்லாதது. ஒரே ஒரு குறிப்புதானே? குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2024 ஜூலையில் வெளியிட்ட அறிக்கைப்படி, 32-பிட் லினக்ஸில் சராசரியாக 6 முதல் 8 மணி நேரத்தில் வெளியாள் ஒருவர் ரூட் அதிகாரத்தையே கைப்பற்றிவிட முடிந்தது. இதே ஓட்டை 2006-லேயே அடைக்கப்பட்டது. 2020-இல் லாக் எழுதும் பகுதியை மாற்றியபோது தெரியாமல் மறுபடி திறந்துகொண்டது. ஹேண்ட்லருக்குள் இருக்கும் ஒவ்வொரு வரியும் இப்படி நிரந்தரக் காவல் கேட்கும் வரி.

அடுத்த ஆட்சேபணை கனமானது. ஸ்டாக் ட்ரேஸ் இல்லாவிட்டால் பிழையைத் திருத்துவது எப்படி? வாடிக்கையாளரிடத்தில் ஆண்டுக்கொரு முறை வரும் கிராஷை ஆய்வகத்தில் திரும்ப வரவழைக்க முடியாது. லாகில் உள்ள இருபது வரிதான் ஒரே தடயம். முழு நினைவகத்தையும் கோர் டம்ப்பாகக் கொட்டலாம் என்றால், நூற்றுக்கணக்கான ஜிபி பஃபர் பூல் (அட்டவணைப் பக்கங்களை வைத்திருக்கும் நினைவகம்) உள்ள சர்வரில் அது தானே ஒரு தொல்லை. இதை நான் மறுக்கவில்லை. ரெடிஸ் இந்தத் தரப்பின் தீவிரப் பிரதிநிதி: விழும்போது ஸ்டாக், ரெஜிஸ்டர்கள், கிளையன்ட் விவரம் என்று நீண்ட அறிக்கை எழுதும், போகிற போக்கில் நினைவகத்தைச் சோதித்தும் பார்க்கும். எத்தனையோ பிழைகள் அதனால் பிடிபட்டிருக்கின்றன. ஆனால் 2022-இல் அங்கே திருத்தியது எதை என்று பாருங்கள். கெட்டுப்போன ஃபங்ஷன் பாயின்டர் ஒன்றை அழைத்து ரெடிஸ் விழுந்தால், ஸ்டாக்கைப் படிக்கப் போன ஹேண்ட்லரும் அதே கெட்ட முகவரியைத் தொட்டு விழுந்தது. அறிக்கை பாதியில் போயிற்று. அந்த முகவரி இருந்த இடத்தில், ‘செல்லாத ஃபங்ஷன் அழைக்கப்பட்டது’ என்று பொருள்படும் பெயருள்ள ஒரு வெற்று ஃபங்ஷனின் முகவரியை வைத்துச் சமாளித்தார்கள். சாமர்த்தியம்தான். இத்தகைய சாமர்த்தியங்கள் எத்தனை தேவைப்படும் என்பதுதான் கேள்வி.

போஸ்ட்கிரெஸ் வேறு வழியில் போயிற்று. அதில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி புராசஸ். எல்லாவற்றுக்கும் தாய், போஸ்ட்மாஸ்டர். யூனிக்ஸில் 11-ஆம் சிக்னலுக்கு அங்கே ஹேண்ட்லரே கிடையாது. குழந்தை பேசாமல் சாகும். எந்தச் சிக்னலில் செத்தது என்று கெர்னல் தாயிடம் சொல்லும். செத்தது என்ன வேலையில் இருந்தது என்பதைத் தாய் பகிர்வு நினைவகத்திலிருந்து படித்து லாகில் எழுதும். அதையும் நம்பிப் படிப்பதில்லை. அந்த இடமும் சிதைந்திருக்கலாம் என்று எல்லை பார்த்து, சாதாரண ஆஸ்கி அல்லாத எழுத்துகள் வந்தால் கேள்விக்குறி போட்டுவிடும். பிறகு மற்ற குழந்தைகளையும் நிறுத்திவிட்டு, சென்ற வாரம் பார்த்த லாகிலிருந்து மீட்பைத் தொடங்கும். அந்த நிறுத்தலிலும் பாடம் இருந்தது: உடனே நிறுத்தச் சொல்லும் சிக்னலுக்கான ஹேண்ட்லர், வெளியேறும்போது ஓடும் வழக்கமான சடங்குகளையெல்லாம் நடத்திக்கொண்டிருந்தது, 2018-இல்தான் அதை நீக்கி, நேராக வெளியேற வைத்தார்கள். அப்போதும் அடங்காத குழந்தைக்கு 5 நொடி அவகாசம். அதன்பின் மறுக்க முடியாத 9-ஆம் சிக்னல்.

இதில் போஸ்ட்கிரெஸ் கொடுக்கும் விலை, இத்தகைய கிராஷுக்கு ஸ்டாக் ட்ரேஸ் லாகில் வராது என்பது. கோர் டம்ப்பை நாடவேண்டும். ஒரே புராசஸுக்குள் பல த்ரெட்களை ஓட்டும் மைஎஸ்க்யூஎலுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. அங்கே நடுவழி ஒன்று உண்டு. கிளிக்ஹவுஸில் விழுந்த த்ரெட்டின் ஹேண்ட்லர், கையிலிருக்கும் முகவரிகளை ஒரு பைப்பில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. மறுமுனையில் முன்பே தயாராக நிற்கும் வேறொரு த்ரெட் அவற்றுக்குப் பெயர் கண்டுபிடித்து எழுதுகிறது. நினைவகம் ஒன்றே என்பதால் முழுப் பாதுகாப்பு இல்லை. பூட்டில் சிக்கும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

வெளியே ஓர் எழுத்தரை வைத்தாலும் அவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும். 2025-இல் சிஸ்டம்-டியின் கோர் டம்ப் சேகரிப்பான் ஏமாற்றப்படலாம் என்று தெரியவந்தது: உயர் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராமை விழச் செய்து, சேகரிப்பான் வந்து பார்ப்பதற்குள் அதே புராசஸ் எண்ணில் சாதாரண புரோகிராம் ஒன்றை ஓடவைத்தால், முந்தையதன் நினைவகம், பாஸ்வேர்டு ஹாஷ்கள் உட்பட, சாதாரணப் பயனர் படிக்கக் கிடைத்தது. கோர் டம்ப்பில் என்னென்ன போகிறது என்பதையே முதலில் குறைப்பது இதற்கு ஒரு மருந்து. மைஎஸ்க்யூஎல் 8.0.14-இல் பஃபர் பூலை டம்ப்பில் சேர்க்காமல் விட ஒரு விருப்பம் வந்தது; ஆனால் சேர்ப்பதே இயல்பாக இருந்தது. 2024-இல் வந்த 8.4-இல்தான், கெர்னல் அனுமதிக்கும் இடங்களில், சேர்க்காமல் விடுவது இயல்பாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் கோர் டம்ப்பை இயக்கிவிட்டு இந்த விருப்பத்தை மாற்றாத சர்வர்கள் விழும்போதெல்லாம், வாடிக்கையாளரின் அட்டவணைப் பக்கங்களும் சேர்ந்தே ஃபைலாக இறங்கின. பிழை தேடும் புரோகிராமருக்கு அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை.

(தொடரும்)