டேப் கைக்கு வந்தது, பயிற்சி பாடத்துக்கு வரவில்லை

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினி (டேப்) வழங்க ரூ.101.48 கோடி, 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்க ரூ.455.32 கோடி. அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு அறிவித்த இந்தத் திட்டங்கள் மாநிலம் முழுமைக்குமானவை. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டமும், அதன் வீரகேரளம்புதூர் வட்டமும் இதில் அடக்கம். இந்தக் கருவியை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியருக்கு யார், எப்படிக் கற்றுத் தருகிறார்கள்?

பாடப்பொருளைச் சென்னையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தயாரிக்கிறது. மாநிலக் கருத்தாளர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்ல, அவர்கள் வட்டார வள மையத்துக்குச் சொல்ல, கடைசியில் குறுவள மையக் கூட்டத்தில் அது ஆசிரியரை வந்து சேர்கிறது. இத்தனை கை மாறி வருவதில் தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் செயலியை இயக்கும் விதம்தான்: எங்கே உள்நுழைவது, எதைப் பதிவேற்றுவது. பாடம் நடத்தும் விதம் வழியிலேயே கரைந்துவிடுகிறது.

அந்தக் கரைந்த பகுதிதான் முக்கியம். பருவக்காற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். காணொளியை ஓடவிட்டு முடிந்ததும் அணைத்தால், பிள்ளைகள் படம் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். வீரகேரளம்புதூர் வட்டத்துத் தேர்ந்த ஆசிரியர் திரையைத் தொடுவதற்கு முன்பே கேட்பார்: “குற்றாலத்துல அருவி கொட்டுதே, நம்ம ஊருல ஏன் வெறும் சாரலோட நின்னுபோகுது?” பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை நோட்டில் எழுதுவார்கள். பிறகு காணொளி. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறும் காற்று குளிரும் இடத்தில் நிறுத்துவார். எழுதியதைத் திருத்தச் சொல்வார். மழையை மலையில் இறக்கிவிட்டு வரும் காற்றுதான் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அன்றைய பாடம் வென்றது. இதில் டேப்பின் வேலை இரண்டே நிமிடம். எந்த இடத்தில் நிறுத்துவது, எதைக் கேட்பது என்பதே பயிற்சியில் வர வேண்டியது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கேலரும் 2006இல் இதைத்தான் கோட்பாடாக வகுத்தார்கள்: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, கருவி அறிவு மூன்றும் ஒன்றோடொன்று கலந்தால்தான் பயன். பெரு நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தும், அவற்றைக் கற்பித்தலோடு இணைக்காததால் கற்றல் மேம்படவில்லை என்கிறது யுனெஸ்கோவின் 2023 அறிக்கை.

ஈராசிரியர் பள்ளிகளில் நிலைமை இன்னும் நெருக்கடி. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைகளில் உள்ள பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். மலர் பிள்ளைகளைத் திரையில் ஒரு கதைக்கு உட்காரவைத்துவிட்டு, அரும்பு பிள்ளைகளோடு ஆசிரியர் தரையில் அமர்ந்து எழுத்து சொல்லித்தர முடிந்தால், அதுவே டேப்பின் ஆகச் சிறந்த பயன் என்பேன். ஆனால் மதிப்பீட்டையும் வருகையையும் பதிவேற்றுவதற்கே அந்த டேப் கையில் இருந்தால் இது எப்படி நடக்கும்? ஆசிரியர் சங்கங்கள் பலமுறை எழுப்பிய குறை இது, நியாயமான குறை.

மத்தளம்பாறை கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் செய்கிற மாவட்டம் தென்காசி. தொழில்நுட்பம் தெரியாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது; குறைவது பயிற்சிதான். குறுவள மையக் கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தை, ஓர் ஆசிரியர் ஒரு பாடத்தை டேப்போடு நடத்திக் காட்டவும் மற்றவர்கள் பார்த்துப் பேசவும் ஒதுக்குங்கள். அடுத்த கூட்டத்தில், அதைத் தம் வகுப்பில் செய்து பார்த்தவர்கள் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்லட்டும். இதற்குப் புதிய நிதி வேண்டாம். கல்வித்துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.