திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்மரம்

உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் பாலைவன மாநிலமான அரிசோனாவில் காரில் சுற்றுகிறவர்கள், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்காவைத் தவறவிடுவதில்லை. அப்படியொரு மரம் நம் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரிலும் இருக்கிறது! நீளம் சுமார் 18 மீட்டர். வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள். அன்று இங்கே கடல் இருந்தது. வெள்ளம் அடித்துவந்த மரம் கடலடிச் சேற்றில் புதைய, உள்ளே ஊறிய சிலிக்கா அதை மெல்ல மெல்லக் கல்லாக்கியது. 1940-இல் இதை உலகுக்குச் சொன்னவர் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன்.

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் தாண்டி, பாடாலூரில் சாத்தனூருக்கு வலப்பக்கம் திரும்புங்கள். வழியில் காரை கிராமத்தில் அவசியம் இறங்குங்கள். மழை அரித்த மொட்டைக் களிமண் மேடுகள், அசல் பாலை நிலம்! அம்மோனைட் என்னும் ஆதிகாலக் கடலுயிரியின் சுருள் ஓடுகள் கிடைத்த மண் இது. கண்ணில் பட்டால் எடுக்காமல் விட்டுவாருங்கள்.